திரையில் பாடம், மடியில் குழந்தை

குழந்தைகள் காப்பகப் பொறுப்பாளர்களுக்கான கட்டாயப் பயிற்சி வகுப்பறையை விட்டுச் செல்போனுக்குள் நுழைந்துவிட்டது. செலவு குறைவு, வசதி அதிகம். ஆனால் மூச்சுத் திணறும் குழந்தையை எப்படிப் பிடிப்பது என்று திரை சொல்லித்தருமா?

திரிலோக்புரியோ சீமாபுரியோ, தில்லியின் எந்த மறுகுடியேற்றக் காலனியானாலும் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். வாடகைக்கு எடுத்த ஒற்றை அறை. சுவரில் பழங்களின் படங்களும் இந்தி எழுத்துகளும். மூலையில் எடைக் கருவி. அதன் பக்கத்தில் சுருட்டி வைத்த பாய். மதியம் கடைசிக் குழந்தையையும் அம்மா அழைத்துப் போனதும் 'தீதி'யின் இரண்டாவது வேலை ஆரம்பிக்கிறது. செல்போனைப் பதிவேட்டின் மேல் சாய்த்து வைக்கிறார். திரையில் யாரோ ஒரு நிபுணர் மூன்று வயதுக்குள் மூளை எப்படி வளர்கிறது என்று விளக்குகிறார். நடுநடுவே சக்கரம் சுழல்கிறது, நெட் போய்விட்டது. மறுபடி வருகிறது. வீடியோ முடிந்ததும் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். சரியானதைத் தொட வேண்டும். தேறினால் சான்றிதழ் செல்போனிலேயே வந்துவிடும். தேறாவிட்டாலும் கவலையில்லை, இன்னொரு முறை தொட்டுப் பார்க்கலாம்.

இது யாரோ சில அதிகாரிகளின் ஆர்வக் கோளாறு அல்ல. 2020 ஜூலை 29ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தேசியக் கல்விக் கொள்கையிலேயே இருக்கிறது. ப்ளஸ் டூவும் அதற்கு மேலும் படித்த அங்கன்வாடி ஊழியர்களுக்கு ஆறு மாதச் சான்றிதழ் படிப்பு; அதைவிடக் குறைவாகப் படித்தவர்களுக்கு ஓராண்டு டிப்ளமோ. எப்படிப் படிப்பது? டி.டி.எச். அலைவரிசைகள் மூலமும் ஸ்மார்ட்போன் மூலமும், பார்க்கிற வேலைக்கு அதிகம் இடையூறு இல்லாமல். நாடு முழுக்க ஏறக்குறைய 14 லட்சம் அங்கன்வாடிகள். தில்லியில் மட்டும் 10 ஆயிரத்துக்கு மேல். இத்தனை பேரையும் விடுதியில் தங்கவைத்து மாதக்கணக்கில் பாடம் நடத்த எந்த அரசிடமும் பணம் இல்லை, கட்டடமும் இல்லை.

ஆன்லைன் பயிற்சியைக் கிண்டல் செய்வது சுலபம். அதற்கு முன் இருந்தது என்ன என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். வெளியூர்ப் பயிற்சி மையத்துக்குப் போக வேண்டுமென்றால் முதலில் கணவரிடம் சம்மதம் வாங்க வேண்டும். மாமியாரிடம் பிள்ளைகளை ஒப்படைக்க வேண்டும். பிறர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளக் கற்கப்போகும் பெண்ணின் சொந்தக் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்குப் பயிற்சி மையங்களிடம் பெரும்பாலும் பதில் கிடையாது. கைக்குழந்தையோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் உண்டு. வராமலே இருந்துவிட்டவர்கள் அதைவிட அதிகம். செல்போனில் அந்தத் தொல்லை இல்லை. புரியாததைத் திருப்பிப் போட்டுக் கேட்கலாம். கேள்வி கேட்க வெட்கப்படுபவருக்கு அது பெரிய விஷயம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் பார்க்கக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

1948ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 48வது பிரிவு தொழிற்சாலைகளில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. அறை எப்படி இருக்க வேண்டும், வெளிச்சம், காற்றோட்டம் எல்லாம் சொல்லிவிட்டு, குழந்தைகளையும் சிசுக்களையும் பராமரிப்பதில் பயிற்சி பெற்ற பெண்களின் பொறுப்பில் அது இருக்க வேண்டும் என்று முடித்தது. 1951ன் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலும், வால்பாறையிலும் நீலகிரியிலும் தேயிலை பறித்த தமிழ்ப் பெண்களுக்காக, அதே வாசகம். 1996ன் கட்டடத் தொழிலாளர் சட்டத்திலும் அதேதான். 'பயிற்சி பெற்ற' என்ற சொல் ஒரு சட்டத்திலிருந்து இன்னொரு சட்டத்துக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு பயணம் செய்திருக்கிறது. எத்தனை மணி நேரப் பயிற்சி, யார் தருவது, யார் சோதிப்பது என்பதை மட்டும் எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

சட்டம் சொல்லாததைத் தில்லியில் ஒரு பெண்மணி செய்து காட்டினார். 1969ல் ராஜ்காட் பக்கத்தில் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்கான கட்டட வேலை மும்முரமாக நடந்தபோது, அங்கே குழந்தைகள் மண்ணிலும் குழியிலும் கிடந்ததை மீரா மகாதேவன் பார்த்தார். இவர் இந்தியில் நாவல் எழுதியவர். கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே ஒரு கூடாரம் போட்டார். அதுதான் 'மொபைல் கிரெச்சஸ்' அமைப்பின் தொடக்கம். கட்டடம் எழும்பி முடிந்ததும் தொழிலாளர்கள் அடுத்த இடத்துக்குப் போவார்கள். காப்பகமும் கூடவே போகும். தில்லி அடுக்குமாடிகளாக உயர்ந்துகொண்டே போன வருடங்களில் செங்கல் சுமந்த பெண்களில் ராஜஸ்தானிகளும் இருந்தார்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள்.

அங்கே பயிற்சி என்பது புத்தகத்தில் இல்லை. அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் புதியவர் உட்காருவார். குழந்தை அழும், மூத்தவர் தூக்குவார். அடுத்த முறை புதியவர் தூக்குவார், மூத்தவர் பார்ப்பார். கற்பிப்பதில் இதைவிடப் பழைய முறை கிடையாது. இதைவிட அதிக நேரம் பிடிக்கும் முறையும் கிடையாது.

மொபைல் கிரெச்சஸோடு சேர்ந்து பணியாற்றியவர்களில் மீனா சுவாமிநாதனும் ஒருவர். கிருத்திகா என்ற பெயரில் 'வாசவேச்வரம்' எழுதிய மதுரம் பூதலிங்கத்தின் மகள். வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதனின் மனைவி. பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகளின் வளர்ச்சி பற்றி ஆராய மத்தியக் கல்வி ஆலோசனை வாரியம் அமைத்த குழுவுக்குத் தலைமை ஏற்று 1972ல் அறிக்கை தந்தார். மூன்று வருடம் கழித்து, 1975 அக்டோபர் 2ல், 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் ஆரம்பமானபோது அந்த அறிக்கையின் சாயல் அதில் இருந்தது. அங்கன்வாடி என்ற நிறுவனம் நாடெங்கும் வேர் பிடித்தது அப்படித்தான். 2022 மார்ச்சில் சென்னையில் காலமாகும்வரை குழந்தைப் பராமரிப்பு ஊழியரைச் 'சும்மா பார்த்துக்கொள்பவர்' என்று நினைக்கும் மனோபாவத்தோடு அவர் சண்டை போட்டுக்கொண்டே இருந்தார்.

சுவாரஸ்யம் என்னவென்றால், தொலைவிலிருந்து பயிற்சி தருவதும் அதே 1975ல் ஆரம்பித்ததுதான். அந்த வருடம் ஆகஸ்ட் 1 முதல் ஓராண்டுக்கு அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் உதவியோடு ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களில் டி.வி. காட்டினார்கள். 'சைட்' என்று அழைக்கப்பட்ட அந்தச் சோதனையின் ஒரு பகுதியாகக் கிராமப் பள்ளி ஆசிரியர்களுக்கும் பயிற்சி தரப்பட்டது. கவனிக்க வேண்டிய விஷயம், டி.வி.யை மட்டும் நம்பவில்லை. ஒளிபரப்போடு வானொலி, அச்சடித்த பாடம், செய்முறைப் பெட்டி, பக்கத்தில் ஓர் ஆள் என்று எல்லாவற்றையும் சேர்த்தே கொடுத்தார்கள்.

தில்லி மைதான் கடியில் இருக்கும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இந்தப் பாடத்தை மறக்கவில்லை. குழந்தைப் பராமரிப்பு, கல்விக்கான அதன் டிப்ளமோவில் 32 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் என்று பல்கலைக்கழகமே கணக்குப் போடுகிறது. ஆக 960 மணி. குழந்தைப் பராமரிப்பு மையங்களை அமைத்து நடத்துவது ஒரு பாடம். உடல்நலமும் ஊட்டச்சத்தும் ஒன்று. சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் குழந்தைகள் பற்றி ஒன்று. மீதி நாலில் ஒரு பங்கு செய்முறைத் திட்டப்பணி: குழந்தைகளோடு உட்கார்ந்து செய்து, எழுதிக் கொடுக்க வேண்டும். அஞ்சலில் படித்தாலும் குழந்தையைத் தொடாமல் தேற முடியாது.

செல்போன் பாடங்களோடு இதை வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். 2018 மார்ச் 8ல் ஆரம்பித்த போஷண் அபியானின் கீழ், அங்கன்வாடி ஊழியர்களுக்குப் படிப்படியாகக் கற்கும் 21 பாடத் தொகுதிகள் வந்தன. மாதாந்திரக் கூட்டத்தில் நேருக்கு நேர் நடத்துவதற்காகத் தயாரானவை, பிறகு இணையத்திலும் ஏற்றப்பட்டன. பாடங்களில் குறை சொல்ல அதிகமில்லை. குறைமாதக் குழந்தையை எப்படிக் கவனிப்பது, ஆறு மாதத்துக்குப் பிறகு என்ன ஊட்டுவது என்று நல்ல விஷயங்கள்தான். கேள்வி, இவற்றில் எதைக் கண்ணால் கற்கலாம், எதைக் கையால்தான் கற்க வேண்டும் என்பது.

இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையின் நீளத்தை அளப்பதை எடுத்துக்கொள்ளலாம். பலகையில் படுக்கவைக்க வேண்டும். ஒருவர் தலையைப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் முழங்காலை மெதுவாக அழுத்தி நீட்டிப் பாதத்தைப் பலகையில் படியவைக்க வேண்டும். குழந்தை சும்மா இருக்காது, உதைக்கும், வீறிடும். அவசரத்தில் இரண்டு சென்டிமீட்டர் தப்பினால் போதும், நன்றாக வளரும் குழந்தை குள்ளமென்று பதிவாகும், அல்லது வளர்ச்சி தடைப்பட்ட குழந்தை நன்றாக இருப்பதாகப் பதிவாகும். வீடியோவில் வரும் குழந்தை எப்போதும் அமைதியாகப் படுத்திருக்கிறது.

தொண்டையில் கடலை மாட்டிக்கொண்ட, ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தை இன்னும் கஷ்டம். தலை தாழ்வாக இருக்கும்படி முன்கையில் கவிழ்த்துப் பிடித்து, இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே ஐந்து முறை தட்ட வேண்டும். பிறகு மல்லாத்தி மார்பில் ஐந்து முறை அழுத்த வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை விரலை விட்டுத் துழாவக் கூடாது. இதை எழுத்தில் படிக்க அரை நிமிடம் ஆகாது. எவ்வளவு பலமாகத் தட்டுவது என்பதைப் பொம்மையிலாவது தட்டிப் பார்க்காதவருக்கு, அந்த நேரத்தில் கை வராது.

தமிழ்நாட்டுக்கு இது பழைய கதை. 1980ல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் பத்து ஊழியருக்கு ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். மையத்துக்கு வந்து, பக்கத்தில் நின்று, எடை போடுவதைப் பார்த்துத் திருத்திவிட்டுப் போவார். மத்திய அரசுத் திட்டத்தில் ஒரு மேற்பார்வையாளருக்கு 20, 25 மையங்கள். அவர் வந்தால் பதிவேட்டைப் பார்க்கத்தான் நேரம் இருக்கும். உலக நாடுகளின் ஊட்டச்சத்து நிபுணர்கள் தமிழ்நாட்டுத் திட்டத்தை உதாரணம் காட்டியதற்கு இந்தப் பத்துக்கு ஒன்றும் ஒரு காரணம்.

அமெரிக்காவில் ஆன்லைன் பயிற்சி சர்வ சாதாரணம். புளோரிடாவில் இயக்குநருக்கான தனிச் சான்று பெற்ற ஒருவர் இல்லாமல் உரிமம் பெற்ற காப்பகத்தை நடத்த முடியாது. அதற்கான படிப்பை வீட்டில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தே முடிப்பவர்கள் நிறைய. ஆனால் 1975 முதல் அங்கே நாடு தழுவி வழங்கப்படும் குழந்தை மேம்பாட்டுச் சான்றுக்கு ஒரு நிபந்தனை உண்டு. பாடம் 120 மணி, எங்கே வேண்டுமானாலும் படிக்கலாம். குழந்தைகளோடு வேலை செய்த அனுபவம் 480 மணி. அதற்குப் பிறகு ஒரு நிபுணர் நேரில் வந்து, வேலை செய்வதைப் பார்த்துவிட்டுத்தான் போவார். திரைக்கு ஒரு பங்கு என்றால் கைக்கு நாலு பங்கு.

இந்தியாவில் அந்த விகிதத்தை யாரும் வகுக்கவில்லை. 2017ல் திருத்தப்பட்ட பேறுகாலச் சலுகைச் சட்டம், 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை பார்க்கும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த 50 இருக்கிறது. ஒரு நாளில் தாய் நாலு முறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். 2018 நவம்பரில் மத்திய அமைச்சகம் வெளியிட்ட குறைந்தபட்ச வழிகாட்டு நெறிகள் வேலையிடத்திலிருந்து 500 மீட்டருக்குள், ஒரு குழந்தைக்கு 10 முதல் 12 சதுர அடி என்று அளவெல்லாம் சொல்கின்றன. மூன்று வயதுக்குக் குறைந்த பத்துக் குழந்தைகளுக்கு ஒரு பயிற்சி பெற்ற ஊழியர், மேலே ஒரு பயிற்சி பெற்ற பொறுப்பாளர் என்றும் சொல்கின்றன. நெறிதானே தவிர விதி அல்ல. தில்லி, குர்காவ், நொய்டா அடுக்குமாடிகளின் தரைத்தளத்தில் பளபளக்கும் தனியார் காப்பகங்களுக்கு நாடு முழுவதற்குமான உரிமச் சட்டம் எதுவும் கிடையாது. குழந்தை உரிமைகள் பாதுகாப்புக்கான தேசிய ஆணையம் 2016ல் தனியார் விளையாட்டுப் பள்ளிகளுக்கு வழிகாட்டு நெறி தந்தது. அது மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. மூன்றுக்குக் கீழே, பேசத் தெரியாத குழந்தைகளுக்கு, அது பொருந்தாது. சலூனுக்கும் இட்லிக் கடைக்கும் லைசென்ஸ் கேட்கும் நாடு இது.

பொறுப்பாளருக்குச் சட்டத்தின் கையிலிருந்து விலக்கு மட்டும் கிடையாது. 2012ம் வருட போக்ஸோ சட்டப்படி, குழந்தை பாலியல் வன்முறைக்கு ஆளானது தெரிந்தால் புகார் செய்தே ஆக வேண்டும். தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைத்தால் நிறுவனத்தின் பொறுப்பாளருக்கு ஓராண்டுவரை சிறை. இந்த விவரத்தைத் தெரிந்துகொள்ள ஆன்லைன் பாடம் தாராளமாகப் போதும். கட்டாயமாக எல்லோரும் அதைக் கேட்டாக வேண்டும் என்று வைத்தாலே பாதிப் புண்ணியம்.

செல்போனைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 மார்ச்சில் வந்த போஷண் டிராக்கர் செயலியில் வருகை, எடை, உயரம், உணவு எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். அதே ஆண்டு மகாராஷ்டிராவில் ஆயிரக்கணக்கான ஊழியர்கள் அரசு தந்த செல்போன்களைத் திருப்பிக் கொடுத்துப் போராடினார்கள். நினைவகம் போதவில்லை, அடிக்கடி சூடாகிறது, செயலி ஆங்கிலத்தில் இருக்கிறது என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள். 2025 ஜூலை முதல் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் உணவுப் பொட்டலத்தை வாங்க வரும் தாயின் முகத்தையும் செல்போன் அடையாளம் காண வேண்டும். பாடம் படிக்க வேண்டியதும் இதே செல்போனில்தான். அது சில வீடுகளில் மாலையில் பிள்ளையின் வீட்டுப் பாடத்துக்கும் வேண்டியிருக்கிறது.

படித்துத் தேறினால் என்ன கிடைக்கும்? அங்கன்வாடி ஊழியருக்கு மத்திய அரசு தருவதற்குப் பெயர் சம்பளம் அல்ல, மதிப்பூதியம். 2018 அக்டோபரில் மாதம் 4,500 ரூபாயாக உயர்ந்தது. மாநிலங்கள் தங்கள் பங்கைச் சேர்த்துத் தருகின்றன. தில்லியில் 2022 ஜனவரி 31ல் ஆரம்பித்து 38 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அதன் நடுவே மொத்தத் தொகை 9,678 ரூபாயிலிருந்து 12,720 ஆனது. அத்தியாவசியப் பணிச் சட்டமும் பாய்ந்தது, நூற்றுக்கணக்கானோர் வேலையை இழந்தார்கள். வேலை அத்தியாவசியம், வேலை செய்பவர் தன்னார்வலர். அதே வருடம் ஏப்ரல் 25ல் அங்கன்வாடி ஊழியர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்கள் செய்வது பகுதிநேர வேலை என்ற வாதத்தை நீதிபதிகள் ஏற்கவில்லை. ஆறு மாதச் சான்றிதழுக்கும் ஊதியத்துக்கும் முடிச்சுப் போட்டு இதுவரை தேசிய அளவில் உத்தரவு வரவில்லை.

அமைச்சகத்துக்கே திரை மட்டும் போதாது என்று தோன்றியிருக்க வேண்டும். 2023 மே 10ல் தில்லியில் 'போஷண் பீ, படாயீ பீ' என்ற திட்டத்தைத் தொடங்கியபோது, ஊழியர்களுக்கு மூன்று நாள் நேரடிப் பயிற்சி என்று அறிவித்தார்கள். முதலில் மேற்பார்வையாளர்கள் கற்பார்கள். அவர்கள் ஊழியர்களுக்குக் கற்றுத்தருவார்கள். 2024 மார்ச்சில் பிறப்பு முதல் மூன்று வயதுவரைக்கும், மூன்று முதல் ஆறு வயதுவரைக்கும் தனித்தனிப் பாடத்திட்டங்கள் வந்தன. இதற்கிடையே 'பால்னா' என்ற பெயரில் 17,000 அங்கன்வாடிகளைக் காப்பகங்களாகவும் நடத்துவது என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். அங்கே குழந்தைகள் மூன்று, நாலு மணி நேரம் பாட்டுப் பாடிவிட்டுப் போகமாட்டார்கள். ஆறு மாதக் குழந்தைகூட ஏழரை மணி நேரம் இருக்கும். பால் குடிக்கும், தூங்கும், காய்ச்சலில் கிடக்கும்.

அந்தக் குழந்தைகள் யார் என்பதற்குத் தில்லித் தமிழர்களிடம் பதில் உண்டு. ஜங்புராவில் பாராபுல்லா வடிகால் ஓரம் இருந்த மதராசி கேம்ப் பெண்களில் பலர் சுற்றுவட்டார வீடுகளில் வேலை செய்தவர்கள். காலையில் நாலைந்து வீடு. பெரியவள் சின்னவனைப் பார்த்துக்கொள்வாள். இல்லாவிட்டால் பக்கத்துக் குடிசை அக்கா. 2025 ஜூன் 1ல் புல்டோசர்கள் வந்தன. சுமார் 370 குடிசைகளில் மாற்று வீட்டுக்குத் தகுதி என்று ஏற்கப்பட்டவை 189. வீடு கிடைத்தது நரேலாவில், 30 கிலோமீட்டருக்கும் அப்பால். பழைய வேலையை விடாமல் பஸ் ஏறுபவள் விடிகாலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்ப முடியும். பக்கத்துக் குடிசை அக்காவுக்கு வீடு கிடைத்ததோ இல்லையோ.

கல்விக் கொள்கையில் செல்போன் பற்றிச் சொல்லும் அதே பத்தியில் இன்னொரு வாக்கியமும் இருக்கிறது. பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பயிற்சி பெறுபவர்களை அந்தந்த வட்டாரப் பள்ளி வள மையங்கள் வழிநடத்த வேண்டும். மாதம் ஒரு முறையாவது நேரடி வகுப்பு நடத்தித் தொடர்ந்து மதிப்பிட வேண்டும். ஆறு மாதப் படிப்பென்றால் ஆறு நாள். ஒரு நாள் அளவுப் பலகைக்கு, ஒரு நாள் பொம்மைக்கு என்று ஒதுக்கினால்கூட மீதி நாலு நாள் கையில் இருக்கும். அந்த நாட்களில் மையத்தை யார் திறந்து வைப்பது, பஸ் காசு யார் தருவது என்பதைக் கொள்கை சொல்லவில்லை.